இருப்பு இல்லை

முதலில் கடன் வாங்கு என்றான் மில்கோ,
ஹெட்செட்டில் பிஸ்கெட் கடிபடும் சத்தத்தோடு.
வாடகை வண்டி வேண்டாம், மணிக்கு மணி தின்னும்.
பழைய பொக்லைன் ஒன்று, பழைய டிப்பர் ஒன்று,
விலைக்கே வாங்கு.
இந்த ஊரில் வங்கி கேள்வி கேட்காது,
வங்கிக்கு முகமே கிடையாது.

பெர்னிக்கில் அப்போது இரவு பதினொன்று.
வெளியே மைனஸ் ஒன்பது.
ஓர் அறைக்கு மட்டும் ரேடியேட்டரைத் திறந்திருந்தேன்.
பகலெல்லாம் நிஜப் பொக்லைன் ஓட்டிவிட்டு
ராத்திரி திரையில் பொக்லைன் ஓட்டுகிறவளை
அக்கா பைத்தியம் என்கிறாள்.
அவளுக்கு ரொட்டிக்கடையில் வேலை,
வீட்டில் ரொட்டியைத் தொடுவதில்லை.

அவளிடம் எப்படிச் சொல்வேன்.
அங்கே வாளியைக் கவிழ்த்தால்
மண் தரையைத் தொடும் முன்பே
மூலையில் பச்சை எழுத்தில் காசு ஏறும்.
கையில் காசு, வாயில் பனிட்சா.
இங்கே பென்செவ் எனக்கு வைத்திருக்கும் பாக்கி:
அக்டோபர். நவம்பர். டிசம்பர்.
மில்கோவுக்கு செப்டம்பரும் சேர்த்து.

மூன்றாம் ராத்திரி மில்கோ அந்த வித்தையைக் கண்டுபிடித்தான்.
ஆற்றங்கரையில் நீயே அள்ளினால் மண் இலவசம்.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
பள்ளம் நிரப்பும் ஒப்பந்தம், டன்னுக்கு நூற்றிருபது.
நிரப்பு. காசு ஏறும்.
மறுநாள் அதே இடத்தில்
அஸ்திவாரம் தோண்டும் ஒப்பந்தம் வரும்.
நீ கொட்டியதை நீயே அள்ளு. அதற்கும் காசு.
அள்ளியதை எங்கே கொட்டுவது?
பக்கத்திலேயே இன்னொரு பள்ளம்.

ஒரே மண்ணை ஒன்பது முறை விற்றோம்.
மில்கோ சிரித்துச் சிரித்து விக்கினான்.
பத்தாவது முறை வாளியை இறக்கும்போது
என் கை நின்றது.

இந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வாதுமை மரத்தை ஒட்டி.
ஆகஸ்டில் தோண்டினேன். செப்டம்பரில் மூடினேன்.
குழாய் போட மறந்துவிட்டதாம்,
நவம்பரில் திரும்பத் தோண்டினேன்.
குழாய் வரவேயில்லை,
நகராட்சி முத்திரை மட்டும் மூன்று முறை வந்தது.

மில்கோ, இது பென்செவோட வித்தை என்றேன்.
ஹெட்செட்டில் கொஞ்ச நேரம் பிஸ்கெட் இல்லை.
பிறகு சொன்னான்:
நம்மைவிட நல்லா ஆடுறான்.

பிப்ரவரிக்குள் நாற்பது லட்சம்.
ஆறு ஆள் வைத்தோம், ஆறு பேருக்கும் ஒரே மீசை.
நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும்
யாரும் கேட்காமலே
கூலி தானாகக் கழிந்துகொள்ளும்.
சில ராத்திரி அதைப் பார்ப்பதற்காகவே விழித்திருந்தேன்.

ஆசை யாரை விட்டது,
கோபுரக் கிரேன் ஒன்றை வாங்கித் தொலைத்தோம்.
கணக்கில் சைபர்.
பன்னிரண்டு மணி.
ஆறு மீசையும் அப்படியே நின்றன.
கோஷம் இல்லை, கொடி இல்லை.
சாவியைத் திருகினேன், எஞ்சின் எழும்பவில்லை.
திரையில் இரண்டே சொல்:
இருப்பு இல்லை.
மில்கோவுக்குச் சிரிப்பு.
எனக்குத் தூக்கம் போனது.

காலை ஏழு மணி, அதே வாதுமை மரம்.
கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டு
கேபினில் ஏறி உட்கார்ந்தேன்.
சாவியைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன்.
சாம்பல் நிற ஜீப்பிலிருந்து பென்செவ் இறங்கினான்.

வண்டி ரிப்பேரா, யோர்டாங்கா?

வண்டி நல்லாத்தான் இருக்கு.

அப்புறம்?

இருப்பு இல்லை.

அவனுக்குப் புரியவில்லை. மில்கோவுக்குப் புரிந்தது.
எனக்குப் பின்னால் டிப்பர் ஒருமுறை உதறி
அடங்கியது.
ரோலர் அடங்கியது.
அந்தத் தெருவில் குருவிச் சத்தம் இருப்பதே
அன்றைக்குத்தான் தெரிந்தது.

கலவை வண்டி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
ரூமன் எங்களைப் பார்க்கிறான், பென்செவைப் பார்க்கிறான்,
கை சாவியின் மேல்.
நிறுத்தினால் உள்ளே கான்கிரீட் இறுகிவிடும்.
அவனுக்கு மட்டும் பாக்கி ஐந்து மாதம்.
நாங்கள் எல்லோரும்
அந்தச் சுற்றும் வயிற்றையே பார்த்தபடி நிற்கிறோம்.